துண்டுக்குள் நீட்டிய கை

அன்றைக்கு வருகைப் பதிவேட்டின்படி வந்திருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர், நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து. வராதவர்கள் மூன்று பேர்: முத்து, கன்னியப்பன், செங்கேணி. மூவரும் வீட்டில் சும்மாதான் இருந்தார்கள். நாளைக்கு இன்ஸ்பெக்ஷன், நீங்கள் வர வேண்டாம் என்று முந்தின நாள் நானே சொல்லி அனுப்பியிருந்தேன். பெரியவர்களில், ஆண்டு ஆய்வுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் இருந்தார், தலைமை ஆசிரியர் இருந்தார், நான் இருந்தேன். முதல் பெஞ்சில் வசந்தாவும் தேவகியும் உட்கார்ந்திருந்தார்கள். தேவகியின் அப்பா இல்லை. செவ்வாய்க்கிழமை என்பதால் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். என் அப்பாவும் இல்லை. அவரும் ஏதோ ஒரு சந்தையில்தான் நின்றிருப்பார். அந்த இருவரில் ஒருவர் அறைக்குள் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

போன மாதம் திருவள்ளூரில் இளம் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். காது கேளாத பிள்ளை, மெதுவாகப் படிக்கிற பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை எல்லாரையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்பது பேச்சு. இப்போது அதற்குச் சட்டம் இருக்கிறது, தனி ஆசிரியர் வருகிறார், படம் போட்ட அட்டைகள் இருக்கின்றன. காக்களூரிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை எழுந்து, இதெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படி சார் சமாளித்தீர்கள் என்று கேட்டார். நான் வசந்தா, தேவகி கதையைச் சொன்னேன். பாதி வரைக்கும் சொன்னேன். கை தட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது என்னால் உட்கார முடியவில்லை. மீதிப் பாதி இதுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனா மாட்டுத் தரகர். மாடு விற்பவர் கையையும் வாங்குபவர் கையையும் ஒரு துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. ஆறு என்றால் முழுக் கை, பிறகு ஒரு விரல். எனக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே இது தெரியும். சோறு தின்கிற நேரத்தில்கூட நைனா என் இடது கையைத் துண்டுக்குள் இழுத்து, "இது இன்னா, சொல்லு" என்பார்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம். சாக்பீஸைப் பிடிப்பது, பாடக்குறிப்பு எழுதுவது, கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கேட்டுவிட்டுப் பிறகு ஒரு பெயரைச் சொல்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். நானாகக் கற்றுக்கொண்டது ஒன்று. அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் விவசாயம் என்று சொல்வது. அறுபதுகளின் நடுவில், கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. முதல் நாள் தலைமை ஆசிரியரும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். "நல்லது. எத்தனை ஏக்கர்?" என்றார். ரெண்டு என்றேன்.

அவரைப் பெரிய சார் என்று சொல்லுவோம். கெட்டவர் இல்லை. பிரம்பு எடுத்து நான் பார்த்ததில்லை. குரல் உயர்த்தமாட்டார். சட்டைப் பையில் ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலமாக ஒரு பென்சில் வைத்திருப்பார். ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். நீலம் என்றால் தேறும், சிவப்பு என்றால் தேறாது. புள்ளி வைத்த பிறகு பென்சிலைத் துடைத்துப் பையில் செருகிக்கொள்வார். சிவப்புப் புள்ளிகளை அறையின் பின்சுவரை ஒட்டி உட்கார வைக்க வேண்டும். அவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயரே சுவர். "சுவருக்குப் பாடம் நடத்திக்கிட்டு நிக்காதீங்க தம்பி. நாற்பது பேருக்கு நாற்பது நிமிஷம்தான் இருக்கு. ஆளுக்கு ஒரு நிமிஷம். அதைத் தேறுறவனுக்குக் குடுங்க" என்பார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் அதை நம்பினேன்.

தேவகி சிவப்புப் புள்ளி. பத்து வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சு வராது. அம்மா இல்லை. அப்பா தரகுக்குப் போகும்போதெல்லாம் கூடவே சந்தைக்குக் கூட்டிப்போவார். சேர்க்க வந்த அன்று, "காதுதான் இல்ல சார். கணக்கு கீது" என்றார். பெற்ற பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்ததும் எனக்கு அவர் தொழில் தெரிந்துவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வசந்தா நீலப் புள்ளி. ஊரில் நஞ்சை அதிகம் வைத்திருந்தவரின் மகள். பள்ளிக்கூடம் நின்ற இடமே அவர்கள் கொடுத்தது. நான் கேள்வியை முடிப்பதற்குள் விடையை எழுதிவிட்டு, மீதி நேரம் பக்கத்துப் பிள்ளையின் சடையைப் பெஞ்சில் கட்டிவைப்பாள். நான் பலகையில் போட்ட தப்பைக் கண்டுபிடித்து, வகுப்புக்கே கேட்கிற மாதிரி, "சார், கடன் வாங்குனத மறந்துட்டீங்க" என்பாள். அவள் வாயை அடைக்க எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அந்த வாரம் சுவர்ப் பக்கத்துப் பெஞ்சு ஒன்றின் கால் உடைந்தது. தேவகியைக் கொண்டுவந்து வசந்தா பக்கத்தில் உட்கார வைத்து, நீ இவளுக்குச் சொல்லிக் கொடு என்றேன். பயிற்சி வகுப்பில் இதை நான் ஒரு முறையாக விவரித்தேன். அன்றைக்கு அது முறை இல்லை. வசந்தாவுக்கு நான் வைத்த கடிவாளம், அவ்வளவுதான்.

பிள்ளைகள் இரண்டு நாள், "ஊமச்சிக்கு வாத்தியாரம்மா" என்று கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் வசந்தா ஒருவனை ஸ்லேட்டால் அடித்தாள். அதோடு நின்றது.

தினமும் காலையில் முதல் வேலை மனக்கணக்கு. அதற்கு நான்கு கட்டளை உண்டு. கேள், எழுது, கவிழ், காட்டு. நான் கணக்கை ஒரே ஒரு தடவை வாயால் சொல்வேன். பிள்ளைகள் மனத்தில் போட்டு விடையை மட்டும் ஸ்லேட்டில் எழுத வேண்டும். கவிழ் என்றால் ஸ்லேட்டைக் குப்புறப் போட வேண்டும். பிறகு நான் அடிக்கோலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவேன். எல்லா ஸ்லேட்டும் தலைக்கு மேலே வர வேண்டும். தட்டு கேட்காவிட்டாலும் தேவகி சரியான நேரத்தில் தூக்கினாள். முதல் பெஞ்சு என் மேஜையை ஒட்டி இருந்ததால் மரத்தில் வந்த அதிர்வு அவள் முழங்கைக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்லேட்டில் விடை சரியாக இருந்தது. மறுநாளும் சரி. வசந்தாவைப் பார்த்து எழுதுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். தேவகி மடியில் அவள் அப்பாவின் பழைய துண்டு ஒன்று கிடந்தது, ஸ்லேட் துடைக்க. நான் கணக்கைச் சொல்லும்போது வசந்தாவின் கை அந்தத் துண்டுக்குள் போனது. மேல் துணி லேசாக அசைந்தது. அந்த அசைவை வேறு எந்த வாத்தியாரும் பார்த்திருந்தால் என்னவோ விளையாட்டு என்று நினைத்திருப்பார். எனக்கு அது எழுத்து மாதிரித் தெரிந்தது. நான்கு. எட்டு. வசந்தா கொடுத்துக்கொண்டிருந்தது விடை இல்லை, கேள்வி. விடையை தேவகி போட்டாள். சில சமயம் வசந்தாவுக்கு முன்பே போட்டாள்.

சாயங்காலம் இருவரையும் நிறுத்திக் கேட்டேன். வசந்தா சொன்னாள், விரல் கணக்கு தேவகிக்கு முன்பே தெரியும், அவள்தான் தனக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று. "ஆனா அவகிட்ட பூஜ்யம் இல்ல சார். நாப்பதுன்னாலும் நாலு, நானூறுன்னாலும் நாலு. நான்தான் பூஜ்யம் வச்சேன்" என்றாள். சந்தையில் பூஜ்யம் தேவைப்படாது. மாட்டைப் பார்த்தாலே பத்தா நூறா என்று தெரிந்துவிடும். வசந்தா விரல்களை மடக்கி முஷ்டியாக்கி தேவகியின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அதுதான் பூஜ்யம். கூட்டலுக்கு மணிக்கட்டில் ஒரு தட்டு. கழித்தலுக்கு நகத்தால் ஒரு கீறல். இரண்டு பத்து வயதுப் பெண்கள் யாரும் சொல்லாமல் இதைச் செய்து வைத்திருந்தார்கள்.

நான் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பெரிய சார் போய்விட்டிருந்தார். துண்டுக்குள் கையை விட்டேன். நான்கு, ஏழு, மணிக்கட்டில் தட்டு, மூன்று, எட்டு. தேவகியின் கண் பெரிதானது. முழுக் கை, மூன்று விரல். மறுபடி முழுக் கை. எண்பத்தைந்து. பிறகு சிரித்தாள். சத்தமாக, கரகரவென்று. அவள் குரலை நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?" என்றாள். சும்மா, உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் என் வேலையில் நல்ல மாதங்கள். பெருக்கல், வகுத்தல், மீதி எல்லாம் துண்டுக்குள் போயின. முத்துவும் செங்கேணியும்கூட விரலைக் கற்றுக்கொண்டு, சுவரிலிருந்தே ஒருவருக்கொருவர் கணக்கு கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்தில் தேவகி மெதுவாகத்தான் வந்தாள். ஆனாலும் தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர், சின்னச் சின்ன வாக்கியம் என்று எழுதினாள். மார்ச்சில் ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டர் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று கிடைக்கும். தேவகிக்கு அது வேண்டும் என்று அவள் அப்பா இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். "ஒரு தாளு குடுத்துடு சார். நான் போய்ட்டா அத வச்சிக்கினு எங்கனா பொழச்சிக்கும்."

முந்தின நாள் பெரிய சார் பதிவேட்டைப் பார்த்து, சிவப்புப் புள்ளி நான்கு பேரையும் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். மூன்று பேரிடம் சொன்னேன். தேவகியிடம் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்கட்டும், அவள் எழுதட்டும், அவர் அசந்து போகட்டும் என்று ஆசைப்பட்டேன். தேவகிக்காக ஆசைப்பட்டேனா, எனக்கு நல்ல பெயர் வருமென்று ஆசைப்பட்டேனா என்பதை இத்தனை வருஷத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. என் வேலை நிரந்தரமாவதும் அந்த அறிக்கையில்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் காலையில் வந்து பதிவேடுகளைப் பார்த்தார். டிபன் சாப்பிடும்போது, வழியில் சந்தைக் கூட்டம் ஜீப்பை மறித்ததைச் சொன்னார். பெரிய சார் மெதுவாகச் சிரித்து, "தரகனுங்களா? அவனுங்க வாயைத் திறந்தா பொய்தான் வரும்னு அவனுங்களுக்கே தெரியும். அதான் துணிக்குள்ள பேசிக்கிறானுங்க" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன்.

பிறகு வகுப்பு. இன்ஸ்பெக்டரே மனக்கணக்கு சொன்னார். ஐந்து கணக்கு. கடைசிக் கணக்கு, ஒரு பெட்டியில் நாற்பத்தெட்டு மாம்பழம், பன்னிரண்டு பெட்டியில் எத்தனை என்பது. தட்டினேன். ஸ்லேட்டுகள் எழுந்தன. ஐந்நூற்று எழுபத்தாறு என்று ஒன்பது ஸ்லேட்டில் இருந்தது. ஐந்து கணக்கும் சரியாகப் போட்டவர்கள் இரண்டே பேர். இருவரும் முதல் பெஞ்சு.

"உன் பேர் என்னம்மா?" என்று தேவகியைக் கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அதுக்குக் காது கேக்காதுங்க ஐயா" என்றார் பெரிய சார், என்னைப் பார்த்தபடியே.

"காது கேக்காத பொண்ணு நான் சொன்ன கணக்கை எப்படிப் போட்டுச்சு?" இன்ஸ்பெக்டர் குனிந்து துண்டை எடுத்தார். இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்தபடி இருந்தன.

வசந்தா எழுந்து நின்றாள். "நான் விடை சொல்லல ஐயா. கேள்விய மட்டும்தான் சொன்னேன். சந்தையில மாடு விக்கிறவங்க பேசற மாதிரி. அவளேதான் போட்டா."

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். அவர் என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிக் கேட்டார்: "என்ன சார், இப்படி ஒண்ணு இருக்கா? உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கேட்டது தேவகிக்குக் கேட்டிருக்காது. ஆனால் எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. அவள் துண்டை இன்ஸ்பெக்டர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். தன் கை மேல் போட்டு மூடிக்கொண்டாள். மூடிய கையை என் பக்கம் நீட்டினாள். வா, காட்டு என்கிற மாதிரி.

நான் கையை விட்டிருந்தால் ஒரு நிமிஷம் போதும். இன்ஸ்பெக்டர் ஒரு கணக்கைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்திருப்பார், நான் கொடுத்திருப்பேன், அவள் போட்டிருப்பாள். அடுத்து அவர் கேட்டிருப்பார்: உங்களுக்கு இது எப்படித் தெரியும்? பெரிய சார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ரெண்டு ஏக்கர் விவசாயி மகன் நான். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் சிரித்திருந்தேன்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "தெரியாதுங்க ஐயா" என்றேன்.

கணக்கைப் பலகையில் எழுதிக் கொடுத்திருந்தால்கூடப் போதும், அவள் பார்த்துப் போட்டிருப்பாள். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பெரிய சார் பென்சிலை எடுத்து நீட்டினார், சிவப்பு முனை வெளியே தெரியும்படி. இன்ஸ்பெக்டர் தேர்ச்சிப் பட்டியலில் தேவகி பெயரை அடித்தார். பக்கத்தில், பார்த்து எழுதியது, படிக்கும் நிலையில் இல்லை என்று குறித்தார். வசந்தாவுக்கு ஓர் எச்சரிக்கை. எனக்கு, வகுப்பு ஒழுங்கு திருப்தி, பணியில் தொடரலாம்.

தேவகி நீட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு துண்டை மடித்து மடியில் வைத்தாள். நான்கு மூலையும் சேரும்படி மடித்தாள்.

ஜீப் போன பிறகு வசந்தா என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை. "அன்னிக்கு நீங்க துண்டுக்குள்ள கை வுட்டீங்களே சார்" என்றாள். நான் அவளுக்கு இருபது வகுத்தல் கணக்கு கொடுத்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து இருபதையும் போட்டாள். இருபதும் தப்பாகப் போட்டாள். அவளால் தப்பாகப் போட முடியும் என்று எனக்குத் தெரியாது. ஜூனில் அவளைத் திருவள்ளூரில் சேர்த்துவிட்டார்கள். தேவகி மறுநாளிலிருந்து வரவில்லை. அவள் அப்பா ஒரு தடவை வந்து வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். நான் வேலையாக இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

எனக்கு வேலை நிரந்தரமானது. நைனா அந்த மாதம் சந்தையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம், மகன் சர்க்கார் வாத்தியார் என்று.

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு, வீடு வீடாகக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். பெயர், வயது, படிப்பு, தொழில், வருமானம். தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றின் வாசலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். துண்டைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரிந்தது. "வா சார், குந்து" என்றார். உள்ளே இருந்து தேவகி வந்தாள். கம்பெனியில் கொடுத்த நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தாள். கதவுக்கு அருகிலேயே நின்றாள்.

படிவத்தைப் படித்தேன். படிப்பு என்ற இடத்தில் என் பேனா நின்றது. கிழவரே சொன்னார், கோபம் இல்லாமல், விலை சொல்கிற குரலில். "ஒண்ணுமில்லன்னு எழுதிக்க சார். ஆணி, போல்ட் பொறுக்கற வேலை. அஞ்சாவது பாஸ்னு தாளு இருந்தா மிஷின்ல போடறான், நாளுக்கு அஞ்சு ரூபா. இல்லாங்காட்டி கீழ குந்தி பொறுக்கணும், மூணரை. இவ மூணரை."

எத்தனை வருஷம் என்று கேட்டேன்.

"நாலு முடியுது. ஞாயித்துக்கெழமை, பண்டிக போக வருஷத்துக்கு முந்நூறு நாளு. எங்க ரெண்டு பேர் வயிறும் அதுலதான் ஓடுது."

தேவகி அவர் வாயையும் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அப்பாவின் தோளிலிருந்து துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு, என் பக்கம் நீட்டினாள்.

படிவத்தைக் கீழே வைத்தேன். கையை உள்ளே விட்டேன். அவள் கை சொரசொரவென்று இருந்தது, விரல் நுனியெல்லாம் இரும்பு கிழித்த தழும்பு. என் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஒரு விரல். முழுக் கை, மூன்று விரல். பிறகு என் உள்ளங்கையில் ஒரு முஷ்டி. அது வசந்தா வைத்த பூஜ்யம். மறுபடியும் ஒரு முஷ்டி.

பழக்கத்தில் நானும் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஒன்றரை குறைச்சல், முந்நூறு நாள், நாலு வருஷம். அன்றைய தேதி வரைக்கும், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.